அனலாக்: தொடர்ச்சியா, ஒப்புமையா?

சென்ற பருவத்தில் இரண்டாம் ஆண்டு இயற்பியல் மாணவர்களுக்கு மின்னணுவியல் பாடத்தில் ஓர் உள்தேர்வு வைத்தேன். இரண்டு மதிப்பெண் வினாக்களுள் ஒன்று, 'அனலாக் என்றால் என்ன?' என்பது. 'இடைவெளியின்றித் தொடர்ச்சியாக மாறும் அளவு' என்று விடைக்குறிப்பில் எழுதி வைத்திருந்தேன். ஏறக்குறைய எல்லோரும் அதையே எழுதியிருந்தனர். தமிழ்வழியில் படித்து வந்த ஒரு மாணவி மட்டும் வேறு விதமாக எழுதியிருந்தாள்: 'ஒன்று மாறுவதற்கு ஏற்ப மற்றொன்றும் மாறி, முதலாவதைக் காட்டி நிற்பது.' தொடர்ச்சி என்ற சொல்லே அவ்விடையில் இல்லை. சிவப்பு மையால் கோடிட்டுச் சுழி போட்டுவிட்டேன்.

மறுநாள் அவள் மூன்று குறிப்பேடுகளுடன் வந்தாள். ஒன்று, மேல்நிலைப் பள்ளியில் எழுதிய விலங்கியல் குறிப்பேடு. இரண்டாவது, துணைப்பாடமான வேதியியலுக்குரியது. மூன்றாவது, என் பாடத்திற்குரியது. "சார், இந்த மூன்று இடத்திலும் ஆங்கிலத்தில் ஒரே சொல்தானே வருகிறது? தொடர்ச்சிதான் அதற்குப் பொருள் என்றால், வண்ணத்துப்பூச்சியின் இறக்கையில் எது சார் தொடர்ச்சி?" என்று கேட்டாள்.

"அது வேறு, இது வேறு. எல்லாவற்றையும் போட்டுக் குழப்பிக் கொள்ளாதே" என்று சொல்லி அனுப்பினேன். தமக்குத் தெரியாத ஒன்றை மறைக்க ஆசிரியர்கள் காலங்காலமாகக் கையாளும் உபாயம் இது. அன்று மாலை வீட்டிற்குச் சென்று புத்தகங்களைப் புரட்டிய பின்னரே, குழம்பியிருந்தது அந்தப் பெண்ணல்ல, நானும் நாம் பயன்படுத்தும் சில பாடநூல்களுமே என்பது விளங்கிற்று. அந்த இரண்டு மதிப்பெண் பற்றிய மறு விசாரணையே இக்கட்டுரை.

சொல்லின் பிறப்பு

'அனலாக்' என்பது கிரேக்க மொழியில் பிறந்த சொல். அதன் மூலப்பொருள் 'விகிதத்திற்கு ஏற்ப' என்பதாகும். இரண்டுக்கு நான்கு எப்படியோ, அப்படியே ஐந்துக்குப் பத்து என்று நாம் பள்ளியில் விகிதசமம் படிக்கிறோமே, அதைக் குறிக்கவே கிரேக்கக் கணித அறிஞர்கள் இதனை வழங்கினர். யூக்ளிடின் வடிவியல் நூலில் ஐந்தாம் பகுதி முழுவதும் இந்த விகிதசமத்தைப் பற்றியதே.

இங்கு ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். இரண்டும் ஐந்தும் ஒன்றுபோல இல்லை. நான்கும் பத்தும் ஒன்றுபோல இல்லை. ஒன்றுபோல இருப்பது, அவற்றிற்கு இடையே உள்ள உறவு மட்டுமே. பொருள்கள் ஒத்திருப்பது வேறு; உறவுகள் ஒத்திருப்பது வேறு. இச்சொல்லின் கருவே இந்த வேறுபாடுதான். அரிஸ்டாட்டில் இதனை உயிரினங்களுக்கும் கொண்டு சென்றார். பறவைக்கு இறகு எப்படியோ, மீனுக்குச் செதில் அப்படி என்றார். இறகும் செதிலும் பார்வைக்கு ஒன்றல்ல. ஆனால் அவை அவ்வவ் உடலில் வகிக்கும் இடம் ஒன்று. இதில் 'தொடர்ச்சி' என்ற கருத்துக்கு எங்கும் வேலையில்லை.

விலங்கியலில்

1843ஆம் ஆண்டில் ஆங்கிலேய உடற்கூற்று அறிஞர் ரிச்சர்ட் ஓவன் இரண்டு சொற்களைத் தெளிவாக வரையறுத்துப் பிரித்தார். வெவ்வேறு விலங்குகளில் ஒரே பணியைச் செய்யும் உறுப்புகள் ஒரு வகை. பணியும் தோற்றமும் எவ்வளவு மாறியிருந்தாலும் அடிப்படையில் அதே உறுப்பாக இருப்பவை மற்றொரு வகை. முதல் வகைக்கே அவர் அனலாக் என்ற பெயரைக் கொடுத்தார். நம் பள்ளிப் பாடநூல்கள் முதல் வகையைச் செயலொத்த உறுப்புகள் என்றும், இரண்டாம் வகையை அமைப்பொத்த உறுப்புகள் என்றும் குறிக்கின்றன. இவை மிக நல்ல தமிழாக்கங்கள்.

வண்ணத்துப்பூச்சியின் இறக்கைக்குள் எலும்பு கிடையாது. பறவையின் சிறகுக்குள் மேற்கை எலும்பு முதல் விரல் எலும்பு வரை உண்டு. இரண்டும் பறக்கவே பயன்படுவதால் அவை செயலொத்தவை. மனிதனின் கையும் திமிங்கிலத்தின் துடுப்பும் செய்யும் பணிகள் வேறு; ஆனால் எலும்பமைப்பு ஒன்றே. எனவே அவை அமைப்பொத்தவை. வௌவாலின் சிறகையும் பறவையின் சிறகையும் ஒப்பிட்டால் விடை இன்னும் சுவையானது. முன்னங்கால்கள் என்ற அளவில் அவை அமைப்பொத்தவை. பறக்கும் கருவி என்ற அளவில் செயலொத்தவை. ஆக, 'இது அதற்கு ஒப்பா?' என்று மட்டும் கேட்டால் போதாது. 'எந்த வகையில் ஒப்பு?' என்றும் கேட்டாக வேண்டும்.

வேதியியலில்

வேதியியலுக்கு வந்தால் காட்சி ஏறத்தாழத் தலைகீழாகிறது. இங்கு அனலாக் என்றால் பொதுவாக அமைப்பில் ஒத்த சேர்மம். ஒரு மூலக்கூறில் ஓர் அணுவையோ ஒரு தொகுதியையோ மாற்றி வைத்தால் கிடைக்கும் உறவுக்காரன். அது செய்யும் வேலை மூலச் சேர்மத்தின் வேலையாகவும் இருக்கலாம். அதற்கு நேர் எதிராகவும் இருக்கலாம்.

சல்ஃபா மருந்துகளை எடுத்துக் கொள்வோம். பல பாக்டீரியாக்கள் ஃபோலிக் அமிலத்தைத் தாமே தயாரித்துக் கொள்ள வேண்டும். அதற்குப் பாரா அமினோ பென்சாயிக் அமிலம் என்ற பொருள் தேவை. சல்ஃபனிலமைடு மூலக்கூறு தோற்றத்தில் இதனை மிகவும் ஒத்தது. பாக்டீரியாவின் நொதி, வந்திருப்பது யார் என்று அறியாமல் அதற்கு இடம் கொடுத்துவிடுகிறது. இடத்தைப் பிடித்துக்கொண்ட சல்ஃபனிலமைடு, எதிர்பார்த்த வேலையைச் செய்வதில்லை. ஃபோலிக் அமிலம் கிடைக்காமல் பாக்டீரியாவின் வளர்ச்சி நின்றுபோகிறது. நமக்கோ ஃபோலிக் அமிலம் உணவிலிருந்தே கிடைத்துவிடுவதால், இந்த ஏமாற்று நம்மைப் பாதிப்பதில்லை. அமைப்பு ஒத்திருப்பதும் செயல் ஒவ்வாதிருப்பதுமே இங்கு மருந்தாகிறது.

மறுபுறம், 1996இல் பயன்பாட்டுக்கு வந்த லிஸ்ப்ரோ இன்சுலினைப் பாருங்கள். மனித இன்சுலினின் ஒரு சங்கிலியில் 28, 29ஆம் இடங்களில் உள்ள இரண்டு அமினோ அமிலங்களை இடம் மாற்றி வைத்ததே இதில் செய்யப்பட்ட மாறுதல். வேலை அதே வேலைதான். ஆனால் விரைவாகச் செயல்படத் தொடங்குகிறது. இதனையும் மருத்துவர்கள் அனலாக் என்றே அழைக்கிறார்கள்.

விலங்கியலில் செயல் ஒன்று, அமைப்பு வேறு. வேதியியலில் அமைப்பு அண்மை, செயல் எதுவாகவும் இருக்கலாம். ஒரே சொல் இரு துறைகளில் இவ்வாறு எதிரெதிர்த் திசைகளில் நிற்கிறது. இதனை எடுத்துச் சொல்லாமல் இரண்டையும் தனித்தனியே மனப்பாடம் செய்யச் சொன்னால் மாணவர் என்ன செய்வார்?

இயற்பியலில்

இனி என் வீட்டிற்கு வருகிறேன். ஒரு கிலோகிராம் எடையுள்ள கட்டியை, மீட்டருக்கு 100 நியூட்டன் விறைப்புள்ள சுருள்வில்லில் தொங்கவிட்டு ஆட்டினால், அது ஏறக்குறைய 0.63 வினாடிக்கு ஒரு முறை ஆடும். ஒரு ஹென்றி மின்தூண்டியையும் 0.01 ஃபாரட் மின்தேக்கியையும் இணைத்த சுற்றில் மின்னூட்டத்தை ஊசலாட விட்டால், அதுவும் அதே 0.63 வினாடிக்கு ஒரு முறை ஆடும். கட்டியும் கம்பிச்சுருளும் பார்வைக்கு ஒத்தவையா? இல்லை. ஒரே பொருளால் ஆனவையா? அதுவும் இல்லை. ஆனால் இரண்டின் இயக்கத்தையும் எழுதும் வகைக்கெழுச் சமன்பாடு ஒன்றே. நிறையின் இடத்தில் மின்தூண்டல், இடப்பெயர்ச்சியின் இடத்தில் மின்னூட்டம், வேகத்தின் இடத்தில் மின்னோட்டம், உராய்வின் இடத்தில் மின்தடை. பழைய கிரேக்கப் பொருள் இங்கு எழுத்துப் பிசகாமல் பொருந்துகிறது: உறுப்புகள் வேறு, உறவுகள் ஒன்று.

இந்த ஒப்புமையை மூலதனமாக வைத்தே ஒரு காலத்தில் கணக்கிடும் பொறிகள் செய்யப்பட்டன. கெல்வின் 1872-73இல் உருவாக்கிய ஓதங்கணிக்கும் பொறியில், கடலின் ஏற்றவற்றத்திற்குக் காரணமான ஒவ்வொரு கூறுக்கும் ஒரு சக்கரம் உண்டு. எல்லாச் சக்கரங்களின் அசைவையும் ஒரே கயிறு கூட்டி, எழுதுகோலுக்குக் கொண்டு செல்லும். அப்பொறியில் ஒரு சொட்டு நீர் இல்லை; ஆனால் அது வரைந்த கோடு துறைமுகத்தின் நீர்மட்டத்தைச் சொன்னது. 1931இல் அமெரிக்காவில் வான்னிவர் புஷ் வகைக்கெழுச் சமன்பாடுகளைத் தீர்க்கும் பெரும் பொறியை நிறுவினார். 1934இல் மான்செஸ்டரில் ஹார்ட்ரீயும் போர்ட்டரும் அதன் சிறு வடிவத்தை, குழந்தைகள் விளையாடும் மெக்கானோ உறுப்புகளைக் கொண்டே செய்து காட்டினர். 1949இல் லண்டனில் பில் பிலிப்ஸ் ஒரு நாட்டின் பொருளாதாரத்தையே குழாய்களிலும் தொட்டிகளிலும் ஓடும் வண்ண நீராக மாற்றினார். அதில் வரி ஒரு திறப்பு, சேமிப்பு ஒரு தொட்டி. நம் நாட்டில் 1953இல் கல்கத்தாவில் உள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் சமரேந்திர குமார் மித்ரா, பத்து மாறிகள் கொண்ட நேரியல் சமன்பாடுகளைத் தீர்க்கும் மின்னணு அனலாக் கணிப்பொறியை உருவாக்கினார்.

அனலாக் கணிப்பொறி என்ற பெயர் வந்தது இதனால்தான். தீர்க்க வேண்டிய சிக்கலுக்கு ஒப்பான மற்றோர் அமைப்பை உண்டாக்கி, அதை இயங்கவிட்டு, விடையை அளந்து எடுக்கும் பொறி அது.

'தொடர்ச்சி' எங்கிருந்து நுழைந்தது?

எண்களைக் கொண்டு கணக்கிடும் பொறிகளுக்கு 'டிஜிட்டல்' என்ற பெயரை 1942இல் ஜார்ஜ் ஸ்டிபிட்ஸ் முன்மொழிந்தார். பொறிகள் இரு வகைப்பட்ட பின்னர், அவற்றை வேறுபடுத்திக் காட்ட எளிய அடையாளம் ஒன்று தேவைப்பட்டது. அனலாக் பொறிகளில் அளவுகளைச் சுமந்த நீளம், கோணம், மின்னழுத்தம் ஆகியவை பெரும்பாலும் தொடர்ச்சியாக மாறுபவை. எண்முறைப் பொறிகளிலோ ஒவ்வோர் இலக்கமும் தாவித் தாவி மாறும். ஆகவே தொடர்ச்சி என்ற பக்க இயல்பு, நாளடைவில் அனலாக் என்பதன் இலக்கணமாகவே ஆகிவிட்டது. காகங்கள் பெரும்பாலும் கறுப்பு என்பதால், 'காகம் என்றால் கறுப்பு நிறம்' என்று எழுதியது போன்ற செயல் இது.

இந்த இலக்கணம் எங்கே தடுமாறுகிறது என்பதை நம் மணிக்கட்டிலேயே காணலாம். முள் உள்ள குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தைக் கடைக்காரர் அனலாக் கடிகாரம் என்கிறார். அதனுள்ளே உள்ள படிகம் வினாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. மின்னணுச் சுற்று அவ்வதிர்வுகளை எண்ணி, வினாடிக்கு ஒரு துடிப்பை அனுப்புகிறது. முள்ளோ வினாடிக்கு ஒரு முறை தாவி நிற்கிறது. எண்ணுவதும் தாவுவதும் எண்முறையின் அடையாளங்கள் அல்லவா? இருந்தும் அது ஏன் அனலாக்? முள் திரும்பிய கோணம், கடந்த நேரத்தின் விகிதத்தில் இருப்பதால்! கால் மணி நேரம் கடந்தால் பெரிய முள் கால் வட்டம் திரும்பியிருக்கும். தொடர்ச்சி போய்விட்டது, ஒப்புமை போகவில்லை, பெயரும் போகவில்லை.

எண்முறையின் தனித்தன்மையும் இங்கே தெளிவாகிறது. அது அளவை எண்ணாக்கி, எண்ணைக் குறியீடுகளால் எழுதி வைக்கிறது. குறியீட்டுக்கும் அளவுக்கும் ஒப்புமை தேவையில்லை. '9' என்ற எழுத்தை '1' என்ற எழுத்தைவிட ஒன்பது மடங்கு பெரிதாக யாரும் அச்சிடுவதில்லை. பழைய இசைத்தட்டின் பள்ளம், ஒலியலையின் வளைவுகளையே தானும் கொண்டிருக்கும். 1982இல் விற்பனைக்கு வந்த குறுந்தகடோ, ஒலியை வினாடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 65,536 படிகளுள் ஒன்றாக எண்ணிட்டுக் குழிகளாகப் பதிக்கிறது. அக்குழிகளின் வரிசையில் எந்த இடத்திலும் பாட்டின் வளைவு தெரியாது.

கணிதத்திலும் ஒரு சான்று உண்டு. 1 முதல் 100 வரையுள்ள முழு எண்களைக் கூட்டினால் 5050 வரும். அதற்கு இணையாக, நேர்கோட்டுச் சார்பை 0 முதல் 100 வரை தொகையிட்டால் 5000 வரும். முழு எண்களின் கூட்டலைத் தொகையிடலின் 'தொடர்ச்சியற்ற அனலாக்' என்று கணித நூல்கள் குறிக்கின்றன. அனலாக் என்பதற்குத் தொடர்ச்சி என்றே பொருள் கொண்டால், இத்தொடரை எப்படித் தமிழாக்குவது? 'தொடர்ச்சியற்ற தொடர்ச்சி' என்றா?

மற்றொரு தவறான எண்ணத்தையும் இவ்விடத்தில் நீக்கிவிடலாம். அனலாக் என்றால் பழையது, டிஜிட்டல் என்றால் புதியது என்று மாணவர்கள் நினைக்கிறார்கள். டிஜிட்டல் என்ற சொல் விரல் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. விரல்விட்டு எண்ணிய ஆதிமனிதன் செய்தது எண்முறைக் கணக்கே. மணிச்சட்டமும் எண்முறைக் கருவியே. நம் பொறியாளர்கள் 1970கள் வரை சட்டைப்பையில் வைத்திருந்த நழுவுகோலோ நீளங்களைக் கொண்டு பெருக்கிக் காட்டிய அனலாக் கருவி. பழமை, புதுமை என்பது இவ்விரு சொற்களின் பொருளில் இல்லை.

தமிழில் என்ன செய்யலாம்?

மின்னணுவியலை விளக்கும் சில தமிழ் நூல்களிலும் வழிகாட்டி ஏடுகளிலும் 'தொடர்முறை' என்ற ஆக்கத்தைக் காண்கிறேன். எளிமைக்காகச் செய்தது என்பது புரிகிறது. தகவல் தொடர்பியலில் அனலாக் சைகை என்பது நடைமுறையில் தொடர்ச்சியாக மாறும் சைகையே என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு பிரிவுக்கு மட்டும் பொருந்தும் இயல்பைச் சொல்லின் பொருளாக்கினால், மாணவர் விலங்கியலில் கற்றதும் வேதியியலில் கற்றதும் இயற்பியலுக்கு உதவாமல் போகின்றன. ஆங்கிலவழி மாணவர் மூன்று இடங்களிலும் ஒரே சொல்லைப் பார்த்து, 'இவற்றுக்குள் என்ன உறவு?' என்று கேட்கவாவது வாய்ப்புண்டு. தமிழில் நாம் மூன்று தொடர்பற்ற சொற்களைக் கொடுத்தால் அந்தக் கேள்வியே பிறக்காது. அந்த மாணவி கேட்டது, ஆங்கிலச் சொல்லையும் அருகில் குறித்து வைத்திருந்ததால்தான்.

எல்லாவற்றுக்கும் 'ஒப்புமை' என்று ஒரே சொல்லைப் போட்டுவிட்டால் போதுமா என்றால், அதுவும் போதாது. ஒப்புமை பல வகை என்பதை நம் இலக்கணம் முன்பே அறிந்திருக்கிறது. தொல்காப்பியத்தின் உவமவியல், உவமைக்கு அடிப்படையாக வினை, பயன், மெய், உரு என்னும் நான்கினைக் காட்டுகிறது. மெய் என்பது வடிவம். உரு என்பது நிறம். புலவர்களுக்காக வகுத்த இப்பகுப்பு, அறிவியல் மாணவருக்கும் உதவும். விலங்கியலார் பார்ப்பது வினையும் பயனும். வேதியியலார் பார்ப்பது மெய். இயற்பியலார் பார்ப்பது இந்நான்கிலும் அடங்காத ஐந்தாவது ஒன்று. அளவுகளுக்கு இடையிலான உறவு.

ஆகவே என் யோசனை இதுதான். 'ஒப்பு' என்பதை எல்லாத் துறைகளுக்கும் பொதுவாக நிறுத்தி, எந்த ஒப்பு என்பதை முன்னே சேர்த்துச் சொல்லலாம். விலங்கியலில் செயலொப்பு, வேதியியலில் அமைப்பொப்பு, இயற்பியலிலும் கணிப்பொறியியலிலும் அளவொப்பு. விலங்கியலில் ஏற்கெனவே நிலைத்துவிட்ட சொற்களை மாற்ற வேண்டியதில்லை. அவை இக்குடும்பத்தில் தாமே சேர்ந்துவிடுகின்றன. ஆனால் 'அமைப்பொத்த' என்பது விலங்கியலில் ஓவனின் இரண்டாம் வகைக்கு உரியது என்பதை வேதியியல் ஆசிரியர் ஒருமுறை நினைவூட்டிவிட வேண்டும். கடையில் கடிகாரம் வாங்கும்போது 'அனலாக்' என்றே கேளுங்கள். அச்சொல்லும் தமிழர் நாவில் பழகிவிட்டது. அதனோடு எனக்குச் சண்டையில்லை.

ஒப்புமையின் எல்லை

இதைச் சரியாகப் புரிந்துகொள்வதால் கிடைக்கும் பெரும் பயன், ஒப்புமை எங்கே முடிகிறது என்று கேட்கத் தெரிவதே. நிலவின் மேட்டுநிலங்களில் அனார்த்தசைட் என்ற பாறை மிகுதி. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பகுதியிலும் அப்பாறை கிடைக்கிறது. 2019இல் ஏவப்பட்ட சந்திரயான்-2க்கான சோதனைகளுக்கு இப்பகுதிப் பாறையிலிருந்து செயற்கை நிலவுமண் தயாரிக்கப்பட்டது. பாறையின் இயைபில் அது நிலவுக்கு ஒப்பு. ஈர்ப்பில் ஒப்பல்ல; நிலவின் ஈர்ப்பு இங்குள்ளதில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கே. இந்த எல்லையை மறந்து சோதனை செய்தால் விடை பிழையாகும்.

வகுப்பில் நாங்களும் மின்னோட்டத்தைக் குழாய்நீருக்கு ஒப்பிடுகிறோம். குழாயை வெட்டினால் நீர் கொட்டும். கம்பியை வெட்டினால் மின்னோட்டம் கொட்டுவதில்லை, நின்றுவிடுகிறது. ஒப்புமையைச் சொல்லிக் கொடுத்து எல்லையைச் சொல்லாமல் விட்டால், பாதிப் பாடத்தையே நடத்தியவர்கள் ஆவோம்.

எனவே மாணவ நண்பர்கள் எந்தத் துறையில் இச்சொல்லைக் கண்டாலும் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பழகுங்கள். எது எதற்கு ஒப்பு? எந்த வகையில் ஒப்பு? எந்த இடத்தோடு அந்த ஒப்பு நின்றுவிடுகிறது? தேர்வில் அனலாக் சைகையைப் பற்றிக் கேட்டால், 'ஓர் அளவுக்கு ஒப்பாக மாறி அதனைக் காட்டும் சைகை. பொதுவாகத் தொடர்ச்சியாக மாறும்' என்று இரண்டையும் எழுதுங்கள். முதற்பகுதி பொருளுக்காக, பின்பகுதி, இப்போதைக்கு, மதிப்பெண்ணுக்காக.

அந்த மாணவியை அழைத்து, விடைத்தாளில் இருந்த சுழியை அடித்து இரண்டு என்று எழுதிக் கையொப்பமிட்டேன். "அப்படியானால் நான் எழுதியது சரிதானா சார்?" என்று கேட்டாள். "நீ எழுதியதுதான் சரி. நான் எழுதி வைத்திருந்தது பாதிதான்" என்றேன். மகிழ்ச்சியோடு போனாள். எனக்குத்தான் மனம் முழுவதும் ஆறவில்லை. பருவ இறுதியில் அவள் எழுதும் பல்கலைக்கழகத் தேர்வுத்தாளைத் திருத்தப் போகிறவன் நானல்ல. எங்கோ ஒரு மையத்தில், என்னைப் போன்ற ஓர் ஆசிரியர், நான் வைத்திருந்ததைப் போன்ற ஒரு விடைக்குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சிவப்புப் பேனாவுடன் உட்கார்ந்திருப்பார். அவர் கண்ணிலும் இக்கட்டுரை பட வேண்டும் என்பதே என் ஆசை.